தரைத்தள ஆய்வகத்துக்கு ஒரு சாட்சி வேண்டி

அனுப்புநர்
நிறுவல் பொறியாளர்
(மென்படல இயந்திரத்தை வழங்கிய நிறுவனத்தின் சார்பில்),
அறை எண் 6, ஆய்வு நிலைய விருந்தினர் விடுதி.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம்.

பொருள்: தரைத்தள ஆய்வகத்தில் நிறுவப்பட்டுள்ள மென்படல இயந்திரத்தின் ஏற்புச் சோதனையைப் பார்வையிட ஒருவரை நியமிக்கவும், குளிர்நீர் இணைப்பைத் துண்டிக்கும் ஆணையை நிறுத்திவைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம்.

1. நான் தங்கள் நிலையத்தின் ஊழியர் அல்ல. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு உலோகத்தைப் படலமாகப் படியவைக்கும் இயந்திரங்களை ஆய்வகங்களில் பொருத்திக் கொடுப்பது என் வேலை. பதினாறு ஆண்டுகளில் இருபத்தெட்டு இயந்திரங்களைப் பொருத்தியிருக்கிறேன். இங்கே மூன்று வார வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். இது இருபதாவது வாரம்.

2. இந்த இயந்திரத்தைக் கேட்டு வாங்கியவர், தங்கள் நிலையத்தின் மறைந்த பேராசிரியர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஓராண்டுக்கும் மேலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பிற்பகலும் தொலைபேசியில் பேசி வந்தோம். ஆய்வகக் கதவு வழியாக இயந்திரம் நுழையுமா என்று சந்தேகம் வந்தபோது, அதே அளவுக்கு அட்டைப்பெட்டிகளை ஒட்டித் தாமே தள்ளிப் பார்த்தாராம். நான்கு விரற்கடை மிச்சம் இருக்கிறது என்றார். இயந்திரம் வந்தபோது அதே நான்கு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. “மொதப் படலத்த நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும்மா. நீங்க பாட்டுக்குத் தனியா ஆரம்பிச்சுடாதீங்க” என்று பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் புறப்படுவதற்கு முந்தைய வெள்ளியன்று அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வெளியூர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டிகளோடு நான் வந்து இறங்கிய காலையில் அவருடைய அறைக்கதவில் இருந்த பெயர்ப்பலகையைத் தச்சர் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. நான் உறவும் இல்லை, சக ஊழியரும் இல்லை.

3. மின் இணைப்புக்காக நான்கு வாரம் காத்திருந்தேன். அதன்பின் இயந்திரத்தைப் பூட்டி ஓட்டினால், ஒவ்வொரு பிற்பகலும், படலம் படிய வேண்டிய கலனுக்குள் வெற்றிடம் கெட்டது. இயந்திரத்தில் கசிவு என்று பராமரிப்புப் பிரிவு எழுதிவிட்டது. ஹீலியம் வாயுவை ஒவ்வோர் இணைப்பிலும் ஊதிச் சோதித்தேன். எங்கும் கசிவு இல்லை. பதினொரு பிற்பகல்கள், வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பைக் குளிர்விக்கும் குளிர்நீர்க் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். மேல்தளத்து ஆய்வகங்கள் தண்ணீரை இழுக்கும் நேரத்தில் எங்கள் குழாய் சூடாவது அப்படித்தான் தெரிந்தது. தனிக் குழாய் போட்ட பிறகு பம்பு ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை.

4. ஐந்து வாரமாக இயந்திரம் தயாராக இருக்கிறது. ஒப்பந்தப்படி, நிலையத்தின் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் மூன்று நாள், நாளுக்கு ஒரு படலம் படியவைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பிரதிநிதிதான் கிடைக்கவில்லை. பேராசிரியரின் குழுவைக் கலைத்துவிட்டார்கள். இயந்திரம் உங்களுடையது என்று இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. தங்கள் பிரிவு அலுவலரைப் பதினான்கு முறை சந்தித்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, நாற்காலி தந்து, கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார். கோப்பு நகர்ந்திருக்கலாம். தரைத்தளத்துக்கு யாரும் இறங்கி வரவில்லை.

5. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். கையெழுத்து இல்லாமல் திரும்ப வேண்டாம் என்பது என் நிறுவனத்தின் உத்தரவு. என் கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் பணிக்குப் போகும் நாட்களில் எட்டு வயது மகள் நாத்தனார் வீட்டில் தங்குகிறாள். எப்போது வருவாய் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், சென்ற மாதத்தோடு கேட்பதை விட்டுவிட்டாள். போன வாரம், “அம்மா, நீ இனிமே அங்கதான் இருப்பியா? உன் அலமாரியில என் புத்தகத்த வச்சுக்கட்டுமா?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக் கேட்டாள். வைத்துக்கொள் என்றேன்.

சில நாட்களில் நான் வாய் திறந்து பேசும் முதல் ஆள், மாலையில் வாசலில் நிற்கும் காவலர்தான். அவர் என்னை ‘பம்பு மேடம்’ என்று அழைப்பார். நிலைமையைக் கேட்டுவிட்டு, “ஆளு ஒருத்தர் உக்காந்து பாக்கணும், அவ்வளவுதான? நான் வேணா வந்து கையெழுத்துப் போடட்டுமா?” என்றார். அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்று மறுத்துவிட்டேன். இந்த இருபது வாரத்தில், ‘வருகிறேன்’ என்று சொன்னவர் அவர் ஒருவரே என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

6. கடந்த வியாழனன்று ஆய்வகக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘உரிமை கோரப்படாத கருவி’ என்பதால், வரும் முதல் தேதி குளிர்நீரைத் துண்டித்து, இயந்திரத்தைப் பிரித்துக் கிடங்குக்கு மாற்றப் போவதாக அதில் கண்டிருந்தது. கிடங்கில் ஈரம் ஏறினால் கலனின் உட்புறம் பாழாகிவிடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பேராசிரியருக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். ஒரு கண்ணாடித் தகட்டை உள்ளே வைத்து இயந்திரத்தை இயக்கினேன். பார்வைச் சாளரத்தில், படலம் படியத் தொடங்கியதைக் காட்டும் ஊதா வெளிச்சம் வந்தது. அசையாத, சீரான வெளிச்சம். “வந்துருச்சு, பாருங்க” என்று என்னையறியாமல் சத்தமாகச் சொல்லித் திரும்பினேன். பின்னால் காலிப் பெட்டிகள்தான் இருந்தன. அளந்து பார்த்ததில் தகட்டின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் படலத்தின் தடிமன் இரண்டு சதவீதம்கூட வேறுபடவில்லை. இருபத்தெட்டு இயந்திரங்களில் எதிலும் முதல் படலம் இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை. சாட்சி இல்லாததால் அது கணக்கில் வராது.

7. எனவே, துண்டிப்பு ஆணையை நிறுத்திவைத்து, ஒருவரை மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் எந்தத் துறையினராகவும் இருக்கலாம். அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மூன்றாம் நாள் படிவத்தில் கையெழுத்தானதும் கிடைக்கும் முதல் வண்டியில் நான் புறப்பட்டுவிடுவேன்.

ஒருவேளை, இதை இயக்கக் கற்றுக்கொள்ள விருப்பமுள்ள ஒருவர் தங்கள் நிலையத்தில் இருந்தால், தயவுசெய்து அவரையே அனுப்புங்கள். அவருக்காக இன்னும் ஒரு வாரம் தங்கச் சம்மதிக்கிறேன். அந்த ஒரு வாரத்துக்கு என் மகளிடம் நானே காரணம் சொல்லிக்கொள்வேன்.

இடம்: தரைத்தள ஆய்வகம்
நாள்: மார்ச் 18

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நிறுவல் பொறியாளர்