பச்சை வெண்காரம்

1904 ஜூலை 4, திங்கள்
மழை இல்லை. வாயெல்லாம் புழுதி. தங்கம் உருக்கும் அறைக்குப் புது வெண்காரப் பீப்பாய் வந்தது — தங்கத்தின் அழுக்கைப் பிரிக்க உருக்கும்போது சேர்ப்பது. மேலே 'அன்ஹைட்ரஸ்' என்று அச்சு. தண்ணீர் அறவே நீங்கியது என்று பொருள். இந்தச் சுரங்கத்தில் அந்தச் சொல் புரிகிற தமிழன் அஸிஸ்டெண்ட் ஜெயகரனாகிய நான் ஒருவன்தான்.

உலைக்காரன் காத்தவராயன் ஒரு கை அள்ளிப் பார்த்தான். "ரைட்டரய்யா, இது பச்சை வெண்காரம். மூசையில போட்டா பொங்கும். பொரிச்சிட்டுப் போடலாம். கொழந்த வாய்ப்புண்ணுக்கே பொரிச்சித்தான் தேன்ல கொழைச்சுத் தடவுறோம்."

எழுத்து வாசனை இல்லாதவன் எனக்குப் பாடம் நடத்துகிறான்! "ஒன் நாட்டு வைத்தியத்த ஒன் வூட்டோட வெச்சிக்கோ" என்றேன்.

ஜூலை 6
அப்படியே போட்ட வெண்காரம் பால் பொங்குகிற மாதிரி பொங்கியது. தங்கம் உருகும் மூசையின் வாயைத் தாண்டி நுரைத்து நெருப்பில் வழிந்தது. காத்தவராயன் என்னைப் பார்த்தான். ஆறிய தங்கக் கட்டியை நிறுத்தால் பதினோரு அவுன்ஸ் குறைவு.

எங்கள் மேலதிகாரி வால்டர் துரை இருவரையும் நிற்க வைத்தார். "பொங்கிச்சிங்க தொர. ரைட்டரய்யாவக் கேளுங்க" என்றான் அவன். துரை என் பக்கம் திரும்பினார்.

"நான் கவனிக்கவில்லை" என்றேன். பொங்கியது என்று ஒப்புக்கொண்டால், அப்படியே போடச் சொன்னது யார்? எடைக்கல் எடுக்க ஐந்து நிமிடம் அவனைத் தனியே விட்டு வெளியே போனேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன் — யாரும் கேட்காமலே. சீ!

ஜூலை 7
திருடன் என்று போலீஸ் அவனைக் கூட்டிப்போனது.

ஜூலை 9
பீப்பாயிலிருந்து நூறு கிரெயின் நிறுத்தெடுத்து இரும்புச் சட்டியில் காய்ச்சினேன். சோளப்பொரியாக உப்பியது. மிச்சம் ஐம்பத்து மூன்று. ஏறக்குறைய பாதி தண்ணீர்! பீப்பாயின் அச்சு பொய். கையில் ஒட்டாமல் உப்பு மாதிரி உலர்ந்து கிடந்ததே, அதற்குள்ளா இத்தனை?

நீருள்ள படிகம், நீரற்ற தூள் — மிஷன் பள்ளியில் நெட்டுருப் போட்டுத் தேறியவன் நான். கண்முன் இருந்ததை அடையாளம் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது.

துரையிடம் காட்டச் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசல்வரை.

ஜூலை 18
காத்தவராயனுக்கு மூன்று மாதம் கடுங்காவல். "நீங்க கிட்டத்தானே இருந்தீங்க, ஒண்ணுமே பாக்கலியா?" என்று என் மனைவி பாக்கியவதி கேட்டாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30
அன்று நுரை வழிந்த பழைய உலையைப் பிரித்தார்கள். அடிச்சாம்பலில், செங்கல் இடுக்கில், தங்க மணிகள். சேர்த்து நிறுத்தால் ஒன்பது அவுன்ஸுக்கு மேல்.

ஓடினேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன் — வெண்காரம், நுரை, என் பொய், எல்லாம். துரை பொறுமையாகக் கேட்டார். "ஜெயகரன், அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டவன் நான். அவன் தண்டனையில் பாதி கழிந்துவிட்டது. மீதியும் கழியும்."

நான் என்ன சொன்னேன்? "சரி, ஐயா." வேறென்ன சொல்வேன் நான்!

செப்டம்பர் 6
உருக்கும் அறைக் கதவில் தமிழிலும் இங்கிலீஷிலும் நோட்டீஸ்: 'வெண்காரத்தைப் பொரித்து, நீரை நீக்கிய பிறகே மூசையில் இடவேண்டும்.' அதன் கீழே ஒரு வரி: 'அஸிஸ்டெண்ட் ஜெயகரன் கண்டறிந்த முறை.' துரை கைகுலுக்கினார். கையைக் கொடுத்தேன்.

செப்டம்பர் 8
காத்தவராயன் பெண்சாதி வெங்கடம்மா ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நடந்தே வந்தாள். அவனுடைய துண்டையும் சோற்றுத் தூக்குப்போசியையும் வாங்கிக்கொண்டவள், கதவைப் பார்த்து நின்றாள்.

"இன்னா எழுதிகீது, ரைட்டரய்யா?"

மேல் வரியை மட்டும் படித்துக் காட்டினேன்.

"அய்ய! இதத்தானே எங்கூட்டுக்காரரு அன்னிக்கே சொன்னாரு! அவரு பேரு அதுல கீதுங்களா?"

"இல்லை."

அடி வரியில் விரலை வைத்தாள். "இது இன்னாங்க?"

"தேதி" என்றேன்.