போன வாரத்துப் பேப்பர்

வலங்கைமான்,
கார்த்திகை 5.

அன்புள்ள மதிவதனிக்கு,

இங்கே நான் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? கஷாயத்தைக் கொட்டிவிட்டுக் குடித்தேன் என்று சொல்கிற ஆள் நீ, அதனால் கேட்கிறேன். சம்பா நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. கிழக்கு வயலில் மழைத்தண்ணீர் நின்றது, வடித்துவிட்டேன்.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது, விளம்பரம் குறைந்துவிட்டது, தையோடு பத்திரிகையை மூடிவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ சென்னையில், நான் இங்கே வயலோடு என்று இத்தனை வருடம் இருந்தது போதும் என்றிருந்தது. மடிப்பாக்கத்தில் வீடு வீடாக இலவசமாகப் போடும் ‘ஏரிக்கரைச் செய்தி’யை யார் படிக்கிறார்கள், அலமாரியில்தான் விரிக்கிறார்கள் என்று நான் கிண்டல் செய்ததும் உனக்குத் தெரியும். உன் சாமான்களில் கொஞ்சத்தை முன்கூட்டியே ஏற்றிவரத்தான் போன வாரம் வந்தேன்.

வந்த இடத்தில் நீ படுத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் போடுகிற காத்தானுக்குத் துணையாக நான் போனேன். அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. ஆபீஸ் மூலையில் கிடந்த பேப்பர்க் கட்டைத் தேதி பார்க்காமல் வண்டியில் வைத்துவிட்டேன். அது போன வாரத்துக் கட்டு. விதை மூட்டைக்குப் பதில் தவிட்டு மூட்டையைத் தூக்கியது போல, ஒரு தெரு முழுக்கப் பழைய பேப்பரைப் போட்டுவிட்டேன்.

தெருமுனை திரும்பவில்லை, பின்னாலேயே ஆட்கள். ஒரு டீச்சரம்மா, இதைத்தான் போன வாரமே படிச்சாச்சே என்று சண்டைக்கு வந்தார். உபைதுல்லா என்ற தையல்கடைக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். தம்பி, இந்த வாரம் எந்தெந்தத் தெருவுல கரண்ட் கட்னு இதுல இல்லையே என்றார். அவர் மனைவி வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினோடு இருக்கிறாராம். கரண்ட் போகிற நாளுக்கு முன்கூட்டியே சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டும். போன்ல பத்து பேர் பத்து மாதிரி அனுப்புறாங்க, மேடம் போட்டாத்தான் நம்புவேன் என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சரியான கட்டை எடுத்துவந்து வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தேன்.

பெரிய பத்திரிகைகளில் மேட்டூர் திறந்த செய்தி வரும். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் கிடக்கும் நம் வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று எவரும் எழுதுவதில்லை. நீ அந்த ஊரின் கடைமடைக்கு எழுதுகிறாய், மதி. நான் கட்டிக்கொண்டவள் எவ்வளவு பெரிய ஆள் என்று உபைதுல்லாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

உரம் வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, சாமானை ஏற்றாமல் நான் திரும்பியது இதனால்தான். நீ மூடப்போகிறாய் என்று நான் சொன்னதும் உபைதுல்லாவின் முகம் செத்துவிட்டது. கடைக்காரர்களிடம் தானே விளம்பரம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். அவரிடம் பேசு. பத்திரிகையை மூடாதே.

உனக்காகக் கொல்லைப்பக்க அறைக்கு வெள்ளையடித்து, நீ ஆசைப்பட்ட பெரிய மேசையையும் போட்டுவிட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். பொங்கலுக்கு மட்டும் இரண்டு நாள் கூட இருக்கிற மாதிரி வா.

வாராவாரம் எனக்கும் ஒரு பேப்பர் தபாலில் போடு. போன வாரத்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
நடராசன்