பதினொரு தேங்காயும் ஒரு கையெழுத்தும்

அண்ணை,

இன்று காலை ஹரோ வீட்டுக் குசினியில் சம்பலுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அழுகல். அந்த மணம் எழும்பியதும் மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினாள். நான் இரண்டு பாதியையும் பிடித்தபடி அசையாமல் நின்றேன். முன்னறை டிவியில் கோட்டுப் போட்ட ஒருவன், யாரோ ஒரு பந்தாட்டக்காரனின் ஒப்பந்தம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சுவார்த்தை நல்ல முறையில் போகிறதாம். இரண்டொரு நாளில் கையெழுத்தாகுமாம். நான் போய் டிவியை நிறுத்திய விதத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன விசரோ?" என்று மனைவி கேட்டாள். ஓம், விசர்தான். நீங்கள் போய் ஐந்து வருடமாகியும் மாறாத விசர்.

நாம் இருவரும் அந்தக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு பிழையால்தான். எண்பதுகளின் கடைசி, நீங்கள் லண்டன் வந்து மூன்று மாதம், நான் வந்து ஆறு மாதம். பிளேஸ்டோவில் ஒரே அறை, இரண்டு கட்டில். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் சனம் நெருக்கி ஏறியது. எல்லோர் கழுத்திலும் ஒரே நிறச் சால்வை. "தேருக்குப் போற சனம் போல கிடக்கு, இறங்கிப் பாப்பமே?" என்றீர்கள். இறங்கினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் அங்கேதான் இறங்கினோம். அந்தக் கழகத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதக் கை கூசுகிறது.

உங்களுக்கு மூன்றாம் நம்பர் என்றால் உயிர். இடது பக்கத்தைக் காக்கிறவன், கோல் அடிக்கிறவன் அல்ல, பேப்பரில் படம் வருகிறவனும் அல்ல. நீங்கள் பகல் ஷிப்ட் நின்ற பெற்றோல் ஸ்டேஷனுக்கு ஒரு நாள் அவன் வந்தான். உங்கள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து, எப்படிச் சொல்வது என்று கேட்டான். நீங்கள் சொன்னீர்கள். அவன் மூன்று தரம் சொல்லிப் பழகினான். அடுத்த முறை வந்தபோது பெயரை முழுதாக, ஓர் எழுத்துக் கூடப் பிசகாமல் சொல்லிக் கூப்பிட்டானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே எனக்கு அதைச் சொன்னீர்கள். "மனேஜர் நாலு வருசமா என்னை 'சிவ்' எண்டுதான் கூப்பிடுறான். இவன் முழுப் பேரும் சொல்லுறான் ஐசே!"

அவனுடைய முழங்கால் ஒரு ஏப்ரல் மாதத்தில் போனது. நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, நமக்கு முன்னால், பதினைந்து மீற்றர் தூரத்தில் விழுந்தான். ஜூனில் அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. கழகம் அவனுக்குக் கொடுக்க வந்தது கிழமைக்குக் கிழமை வேலை. முழங்கால் தாங்குகிறதா என்று பார்த்து அடுத்த கிழமைக்கு யோசிப்பார்களாம். அவன் கேட்டது ஒரு வருடம். திரும்பவும் காயப்பட்டால் தெருவில் விடமாட்டோம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதற்குப் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒரு பக்கம் கழகத் தலைவர், ஆட்டுத்தோல் கோட்டுக்காரர். மற்றப் பக்கம் அவனுடைய ஏஜென்டும் வீரர் சங்கத்து ஆளும். சந்தித்தார்கள். பிரிந்தார்கள். ஒருவர் விடுமுறைக்கு ஸ்பெயின் போனார். திரும்பி வந்து, நிறம் மாறிய முகத்தோடு, "வீரரின் உடல்நலம்தான் எங்களுக்கு முக்கியம்" என்று பேட்டி கொடுத்தார். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை.

பேச்சுவார்த்தை என்ற சொல்லைக் கேட்டாலே நம்முடைய சனம் முகத்தைத் திருப்பும். நமக்குத் தெரியாத சமாதானப் பேச்சுவார்த்தையா? மேசையும் தண்ணீர்ப் போத்தலும் கைகுலுக்கும் படமும் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதைத் தெரிந்துகொண்டும் நீங்கள் ஒரு பேச்சுவார்த்தையை நம்பி அந்த வேலையைச் செய்தீர்களே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

ஆகஸ்டில் வெஸ்ட் ஈலிங் அம்மன் தேர். தேர் திரும்பி இருப்பிடத்துக்கு வந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் நின்றீர்கள். திரும்பி வரும்போது ரயிலில், ஏதோ கடைக்குப் போகிற மாதிரிச் சொன்னீர்கள்:

"நேர்த்தி வைச்சிட்டன். அவன் கையெழுத்து வைக்குமட்டும் நான் மைதானத்துக்குள்ள கால் வைக்க மாட்டன்."

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். ஊரில் சனம் மீன் சாப்பிட மாட்டேன், தலை சீவ மாட்டேன் என்று நேருவது தெரியும். பந்தாட்டம் பார்க்க மாட்டேன் என்று நேர்ந்த மனிதரை நான் கண்டதில்லை.

"விருப்பமில்லாததை விட்டா அது நேர்த்தியே? எனக்கு இதை விட்டா வேற என்ன கிடக்கு விடுறதுக்கு?" என்றீர்கள். "ரெண்டு கிழமை. பாரும், ரெண்டு கிழமையில முடிஞ்சிடும்."

அம்மனுக்கு நேர்ந்தது சரி அண்ணை. அம்மனுக்கு அந்த ஆட்டுத்தோல் கோட்டுக்காரரைத் தெரியாதே!

செப்டெம்பர் போனது, ஒக்டோபர் போனது. உங்களுக்கு நெஞ்சு நோ வந்ததும் ஒக்டோபரில்தான். டொக்டர் மாத்திரை தந்து, குளிரில் நிற்க வேண்டாம் என்றார். நான் சனிக்கிழமைகளில் தனியே உள்ளே போனேன். சீசன் டிக்கெட் புத்தகத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாள் கிழிப்பார்கள். என்னுடையது மெலிந்துகொண்டே வந்தது. உங்களுடையது வாங்கிய மாதிரியே தடிப்பாக அலுமாரியில் கிடந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமை. பின்னால் இருந்த கிழவன் அதில் கால் போட்டான். ஒரு நாள் அந்தக் காலைத் தட்டி விட்டுச் சண்டைக்கும் போனேன்.

நீங்கள் வீட்டிலாவது இருந்தீர்களா? இல்லை. கால் வைக்க மாட்டேன் என்றுதானே நேர்ந்தது, காது வைக்க மாட்டேன் என்று நேரவில்லையே என்று விளக்கம் வேறு. என்னோடு வாசல்வரை வந்து, தேத்தண்ணி விற்கும் வான் வண்டி நிற்கும் வெளி மதிலோடு ஒட்டி நிற்பீர்கள். சத்தத்தை வைத்தே ஆட்டம் பார்த்தீர்கள். நான் வெளியே வந்து ஏதும் சொல்ல முன்னரே, "அந்த ரெண்டாவது கோல் இல்லை, கம்பத்தில பட்டது, என்ன?" என்பீர்கள். எப்படித் தெரியும் என்றால், "கோலுக்குச் சத்தம் மேல போகும். கம்பத்தில பட்டா மேல போய் விழுந்திடும்" என்பீர்கள். ஜனவரிக் குளிரில் உதடு நீலம் பாரித்து நின்று இதைச் சொன்னீர்கள். எனக்கு உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது.

எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது. மூன்றாம் நம்பர் மேல்தான். வைத்துத் தொலைக்க வேண்டியதுதானே ஒரு கையெழுத்தை, என்று உங்களிடம் கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. "அவன் இழுக்கேல்ல. அவனை இழுக்கிறாங்கள்" என்றீர்கள்.

அந்தச் செய்திக்காக நாம் பட்ட பாடு கொஞ்சமா? காலையில் எழும்பியதும் டிவித் திரையில் எழுத்தாகச் செய்தி வரும் டெலிடெக்ஸ்ட் பக்கத்தைத் திறப்பேன். கழகச் செய்தி சொல்லும் டெலிபோன் லைன் ஒன்றும் இருந்தது. அடித்தால் ஒருவன் புல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் அலட்டி, கடைசியில் "பேச்சுவார்த்தை தொடர்கிறது" என்று முடிப்பான். நாசமாய்ப் போக!

பெப்ரவரியில் உங்களுக்குத் தெரியாமல் வெஸ்ட் ஈலிங் போய் ஐயரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உடம்புக்கு ஏலாதெண்டா நேர்த்தியை மாத்தலாம் தம்பி. பதினொரு தேங்காய் உடைச்சு, பிழை பொறுக்கச் சொல்லிக் கேக்கட்டும். அம்மன் என்ன, உங்கட கழகத் தலைவரோ, பிடிச்ச பிடியில நிக்கிறதுக்கு?" என்றார். அதை உங்களிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. கல்லில் நார் உரித்த மாதிரி. கடைசியில் சரி என்றீர்கள். நான் கிரீன் ஸ்ட்ரீட் கடையில் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துப் பதினொரு தேங்காய் வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. நீங்கள் குளித்து, விபூதி பூசி, கோட்டும் போட்டு, தேங்காய்ப் பையைக் கையில் தூக்கிவிட்டீர்கள். ஒரு கால் வாசலில். நான் சும்மா, பழக்க தோஷத்தில், டெலிடெக்ஸ்டைத் திறந்தேன். நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் கையெழுத்து என்று போட்டிருந்தது. எல்லாம் பேசி முடிந்துவிட்டதாம்.

"அண்ணை, பொறுங்கோ!" என்று கத்தினேன். "ரெண்டு நாள்தானே. ஆறு மாசம் பிடிச்ச நேர்த்தியை ரெண்டு நாளுக்காக உடைக்கிறதே? முழுசா முடிச்சிட்டு நிமிர்ந்து உள்ள போங்கோ."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "உண்மையா முடியுமே?"

"முடியும் அண்ணை. நான் சொல்லுறன்."

"நீர் சொன்னாச் சரி," என்று பையை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினீர்கள்.

இரண்டு நாள் போனது. ஏஜென்ட் ஏதோ ஒரு சொல்லை மாற்றச் சொன்னாராம். தலைவருக்குத் தடிமனும் காய்ச்சலுமாம். அடுத்த வெள்ளியும் பக்கம் அதே கதையைச் சொன்னது. நானும் அதே கதையைச் சொன்னேன். அதற்கடுத்த நாள், சனிக்கிழமை, நீங்கள் மதிலோடு நின்றீர்கள். சிலுசிலு மழை. புதன்கிழமை காலை ஷிப்டுக்குப் போகக் கட்டிலில் இருந்து சப்பாத்துக் கயிறு கட்டினீர்கள். நான் தேத்தண்ணியோடு வந்தபோது நீங்கள் சரிந்து கிடந்தீர்கள். ஒரு சப்பாத்து கட்டியிருந்தது, மற்றது கட்டவில்லை.

ஒன்பது நாள் கழித்து அவன் கையெழுத்து வைத்தான். பேப்பரில் படம். அவன் குனிந்து எழுதுகிறான், ஆட்டுத்தோல் கோட்டுக்காரர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். நான் செத்துப்போன பின்னும் மன்னிக்க மாட்டேன். அடுத்த நாள் சனி. என்னுடைய புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் தாள் கிழிக்கிறவன் புத்தகத்தின் தடிப்பைப் பார்த்து, இத்தனை ஆட்டத்தை விட்டுவிட்டு எங்கே போயிருந்தாய் என்று பகிடி விட்டான். உள்ளே போனேன். உங்கள் கதிரையில் இருந்தேன். என் கதிரையை வெறுமையாக விட்டேன்.

கடைசி இருபது நிமிடத்துக்கு அவனை இறக்கினார்கள். மைதானமே எழும்பி நின்று கைதட்டியது. நான் எழும்பவில்லை. வேண்டுமென்றே எழும்பவில்லை. அவன் காலை இழுத்து இழுத்து ஓடினான். அப்போதுதான், அவனை இழுக்கிறாங்கள் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லோரும் திரும்ப அமர்ந்த பிறகு நான் தனியே எழும்பி நின்றேன்.

ஆட்டம் முடிந்து, முன்பு நாம் இருவரும் அவனுக்குக் கை காட்டி நிற்கும் கார் தரிப்பிடக் கம்பியோரம் நின்றேன். அவன் என்னைக் கண்டு, உங்கள் பெயரை முழுதாகச் சொல்லி, எங்கே ஆளைக் காணோம் என்று கேட்டான். சொன்னேன். தோள் பையை நிலத்தில் வைத்தான். ஆகஸ்டிலேயே தாள் எல்லாம் தயாராக இருந்தது, ஒரு வரிக்காகத்தான் ஏழு மாதம் என்றான். அந்த ஒரு வரி இப்போது இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆகஸ்டில் எழுதிய அதே சொற்கள்தான் என்றான்.

அதே சொற்கள்! அண்ணை, நான் அந்த வாசலை மிதித்தது அன்றைக்குக் கடைசி.

அடுத்த வெள்ளி மாடிப்படிக்குக் கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டு வெஸ்ட் ஈலிங் போனேன். லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ரயிலில் அதை மடியில் வைத்திருந்தேன். ஐயர் பையைப் பார்த்துவிட்டு, "ஆற்ற பேரில?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்கு விஷயம் விளங்கியது.

"காலமானவற்ற பேரில உடைக்கேலாது தம்பி. அவற்ற நேர்த்தி அவரோட போச்சு, அதில பிழை ஒண்டும் இல்லை. பிறகு இது ஆற்ற பிழைக்கு?"

பின்னால் சனம் வரிசையில் நின்றது. தலைவரின் பெயரைச் சொல்ல நினைத்தேன், ஏஜென்டின் பெயரைச் சொல்ல நினைத்தேன். அவர்களுடைய பிழைக்கு நான் ஏன் தேங்காய் உடைக்க வேண்டும்?

"என்ர பேரில," என்றேன்.

ஒவ்வொன்றாக உடைத்தேன். பத்து வெள்ளையாக விரிந்தன. கடைசித் தேங்காய் அழுகல். இன்று காலை குசினியில் எழும்பியது அதே மணம்தான்.

என் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் நான் நாளைக்கு என்று சொல்வதில்லை. மனைவி நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆத்திரத்தில் வந்த பழக்கம் என்று அவளுக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. ஏதாவது முடிவு எடுக்கும்போது அவள் "நீங்கள் சொன்னாச் சரி" என்று தொடங்குவாள். நான் உடனே எழும்பிப் போய்விடுவேன். உங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லை என்னிடம் முழுதாகச் சொல்லி முடிக்க நான் ஒருவரையும் விட்டதில்லை.