கழுவாத சேறு

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மதியம் எங்கள் ஆய்வுக்கூடம் நாறிப்போனது. துறையை மேல்மாடிக்கு மாற்றுகிறார்கள். பழைய இரும்பு அலமாரியை நான்கு பேர் சாய்த்துத் தூக்கியபோது உள்ளே ஏதோ உருண்டு மோதியது. அடுத்த நிமிடம் அழுகின முட்டை வாடை. மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்கள். "மேடம், ஆசிட் ஏதோ லீக் ஆகுது!" என்று ஒருத்தி கத்தினாள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். அது ஆசிட் இல்லை. எண்ணூர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடிச்சேற்றைக் காலால் கிளறினால் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வருமே, அந்த வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் கையை விட்டுப் போகாத வாடை.

அலமாரியின் அடித்தட்டில், பூப்போட்ட புடவைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை கிடந்தது. முடிச்சின் மேல் இரண்டு ரப்பர் பேண்டு. அதை அங்கே வைத்தது நான்தான். பதினோரு வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருந்ததும் நான்தான்.

உன்னை முதன்முதலில் பார்த்த நாளில் நான் தொடைவரை சேற்றில் புதைந்திருந்தேன். உனக்கும் எனக்கும் அப்போது இருபத்தாறு வயது. அத்திப்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, பை நிறைய பாட்டில்களோடு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஆற்றில் இறங்கிய மேதாவி நான். அந்த இடத்தில் முழங்கால் ஆழம் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. நீ பத்தடி தள்ளிக் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாய். பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்தாய். அப்படியே மூக்கால் ஏதோ சொன்னாய். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பறியை வாயிலிருந்து எடுத்தாய்.

"ஆடாதமே! ஆட ஆட உள்ள இஸ்த்துகினு பூடும். குந்துற மாரி பின்னால சாய்."

சாய்ந்தேன். என் ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கரையேற்றிவிட்டு, இந்தப் பாட்டிலெல்லாம் எதற்கு என்று கேட்டாய். சேற்றில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு ஈயம், இன்னும் என்னென்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதுதான் என் ஆராய்ச்சி என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாய். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருக்கிறார் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கப்பாரு இரும்ப வித்துகினு கீறாரு. நீ இங்க வந்து சேத்துல இரும்ப தேடிகினு கீற. கடைல கைய வுட்டு எட்த்துக்க வேண்டியதுதானமே?" அதற்கப்புறம் இரண்டு வருஷம், என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் இதைச் சொல்லாமல் நீ விட்டதில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் வாரம் ஒருநாள் நாம் ஆற்றில் இருந்தோம். வாயில் பறியோடு நீ மூக்கால் பேசுவது எனக்குப் புரிய ஆரம்பித்தது. என் தூத்துக்குடித் தமிழை நீ கேலி செய்ததுபோல் உன் 'இஸ்த்துகினு', 'குந்திகினு'வை நானும் கேலி செய்தேன். உன் காலுக்குச் சேறு தெரியும். எங்கே மணல் கலந்திருக்கிறது, எங்கே கிளிஞ்சல் படுகை, எங்கே மேலிருந்து அனல் மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்திருக்கிறது எல்லாம் நின்ற இடத்திலேயே சொல்வாய். ஆற்றில் ஏழு இடங்களில் மாதிரி எடுப்பது என்று நான் குறித்திருந்தேன். ஏழாவது இடம் உங்கள் குப்பத்துப் பெண்கள் இறால் பிடிக்கும் இடம். சாம்பல் கரைசல் போகும் குழாய் அதற்கு மேற்கே எங்கோ உடைந்து ஒழுகுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மேல பவுடரு மாரி வழுக்குது. கீழ சேறு மூச்சு வுடல" என்று அந்த இடத்தில் நின்று நீ சொன்னபோது உன் முகத்தில் சிரிப்பில்லை.

திரும்பும்போதெல்லாம் எனக்கு இறால் கொடுப்பாய். அதை அப்படியே தரமாட்டாய். மூன்று தண்ணீர் மாற்றி அலசி, தூசு தும்பு பொறுக்கி, பளபளவென்று ஆக்கித்தான் தருவாய். ரயிலுக்கு நேரமாகிறது, வீட்டில் கழுவிக்கொள்கிறேன் என்றால் கோபம் வரும். "சேத்தோட ஒர்த்தர் வூட்டுக்குக் குடுத்தனுப்புனா இன்னா மரியாத? கலீஜா இருக்காது?" உங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். ஆற்றிலிருந்து எடுத்த எதையும் கழுவாமல் அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டீர்கள். இதை இரண்டு வருஷம் கண்ணால் பார்த்தவள் நான். ஆராய்ச்சி செய்யப் போனவளுக்கு அதில் யோசிக்க ஒன்றும் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் எடுக்க வேண்டிய கடைசி மாதிரி மட்டும் பாக்கி இருந்தது. எனக்கு டைபாய்டு. ஆறு இடங்களில் முன்பே எடுத்துவிட்டேன், ஏழாவது மட்டும் மிச்சம். நாள் தள்ளினால் கணக்கில் வராது. படுக்கையிலிருந்தே உனக்குப் போன் செய்து, அதை எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் நீ ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கே டப்பாவைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாய். உன் கை சில்லென்று இருந்தது. டப்பாவோடு வைக்கும் படிவத்தில் 'சேகரித்தவர்' என்று ஓர் இடம் உண்டு. அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானே எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. படுத்துக்கொண்டே பொய் எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது.

ஏழாவது இடத்தின் எண்கள்தான் எல்லாவற்றிலும் குறைவாக வந்தன. எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். மழை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று ஒரு காரணத்தை நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம். ஆற்றில் சாம்பல் விழுவதைப் பற்றி மக்களிடம் கேட்க மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். என் எண்களை அறிக்கையாக முன்பே கேட்டு வாங்கியிருந்தார்கள். உங்கள் குப்பத்திலிருந்து பேச எழுந்தவள் நீ ஒருத்திதான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். "எங்க எடத்துல சேறு செத்துப் பூட்சி சார். எறாலு இல்ல. காலு அரிக்குது. பேப்பர பாக்காத, வந்து நின்னு பாரு." நீ முடித்ததும் மேடையில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டி, என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்க அறிக்கையில அந்த இடம்தானேம்மா இருக்கிறதுலயே நல்லா இருக்கு?"

"ஆமாம் சார்" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ மைக்கைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபமில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாய்.

வாசலில் டீக்கடை ஓரம் உன்னைப் பிடித்து, எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். உனக்கு அதைச் சொல்வதில் பெருமையாகத்தான் இருந்தது. "நீ குடுத்த பிளாஸ்டிக் கரண்டியாலதான் எட்த்தேன், இரும்பு படல. கிளிஞ்சலு, எல அல்லாத்தியும் பொறுக்கிப் போட்டுட்டு மூணு தண்ணி அலசித்தான் குடுத்தேன். எப்பவும் நீதான் வூட்டுக்குப் போய் கழுவுவ. ஒனக்குக் காய்ச்சலு, எங்கேர்ந்து கழுவுவ? அதான் நானே கழுவிட்டேன்."

கெட்ட உலோகங்கள் மணலில் ஒட்டுவதில்லை. மாவுபோல் இருக்கும் நுண்ணிய களிமண்ணில்தான் ஒட்டிக்கொள்கின்றன. மூன்று தண்ணீரில் அதெல்லாம் போய்விட்டது. எனக்கு வந்து சேர்ந்தது சுத்தமான மணல். இதை உனக்கு நான் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்கக் கத்தினேன். "உன்கிட்டப் போயிக் குடுத்தேனே, என் புத்தியச் சொல்லணும். நாலு எழுத்துப் படிச்சிருந்தா இந்த வேலை செஞ்சிருப்பியா?" நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "கழுவக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லியேமே" என்று மட்டும் சொன்னாய். அது உண்மை. நான் சொல்லவே இல்லை.

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போய், மாதிரி கெட்டுப்போனது, அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் சொன்னால் யார் எடுத்தது என்று கேட்பார்கள். படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பட்டம் போய்விடும் என்று பயந்தேன். ஆய்வேட்டிலிருந்து ஏழாவது வரிசையை அப்படியே எடுத்துவிட்டு, ஆறு இடங்களோடு டாக்டர் ஆனேன். அலுவலகக் காகிதத்தில் நீ பொய் சொன்னவளாகவே இருந்தாய். கூசிப்போய் ஆற்றுப் பக்கம் வருவதையே விட்டேன்.

நாலு மாதம் கழித்து, நான் புதிதாகப் பாடம் எடுக்கச் சேர்ந்திருந்த இந்தக் காலேஜுக்கு நீ வந்தாய். வாட்ச்மேன் போன் செய்தார். "எண்ணூர்லேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க மேடம்." கிளாஸில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். கிளாஸ் எதுவும் இல்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேப்பமரத்தடிப் பெஞ்சில், மடியில் மூட்டையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாய். பிறகு மூட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனாய். இரண்டு பஸ் மாறி வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. மூட்டையைத் தொட்டதுமே சேறு என்று தெரிந்தது. அலமாரியில் தள்ளிப் பூட்டினேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, நீ போய்விட்டாய் என்று ரயிலில் மீன்கூடையோடு வந்த ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், அவ்வளவுதான். போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்றாள். அத்திப்பட்டு வந்தது. நான் இறங்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், அலமாரியைச் சாய்த்த அன்று, மாணவிகளை அனுப்பிவிட்டு மூட்டையைப் பிரித்தேன். உள்ளே பிளாஸ்டிக் டப்பா, மூடியைச் சுற்றி டேப். அலமாரி சாய்ந்ததில் மூடி லேசாக விட்டிருந்தது. சேறு கன்னங்கரேலென்று ஈரமாகவே இருந்தது. டப்பாவின் மேல் பாலிதீன் பைக்குள் ஒரு நோட்டுத்தாள். அஞ்சாவதோடு நின்ற உன் கையெழுத்து, கோடு தாண்டிப் பெரிது பெரிதாக.

"கழுவல. ஆத்துல எட்த்த மாரியே கீது. எலகூட கீது."

கிளறிப் பார்த்தேன். கிளிஞ்சல் இருந்தது. ஒரு நண்டுக் கால் இருந்தது. பாதி மக்கிய இலையும் இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த இடம் இப்போது இல்லை. மண் கொட்டி மேடாக்கி, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் அதன் மேல் ஓடுகின்றன. அங்கே இருந்த சேறு என்று உலகத்தில் மிச்சம் உன் டப்பாவில் இருப்பது மட்டும்தான். ஒரு பிடி எடுத்துக் காயவைத்து, கரைத்து, மெஷினில் வைத்தேன். ஈயமும் மற்றதும் மண்ணில் பதினோரு வருஷம் ஆனாலும் எங்கும் போகாது. உன் கால் சொன்னதைத்தான் மெஷினும் சொன்னது. ஏழு இடங்களில் அதுதான் மோசம்.

நேற்று மெஷின் தந்த காகிதத்தோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் நாத்தனார் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். முழுவதையும் சொன்னேன். உன்னை எல்லார் முன்னாலும் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் என்றேன். அவள் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"யாரு அவள பொய்க்காரின்னு சொன்னது? எங்க காலும் அதே சேத்துலதானமே இருந்துச்சு? எங்களுக்கு இன்னாத்துக்கு மிஷினு?" முடிச்சு ஒன்றை அவிழ்த்தாள். "அதுக்கெல்லாம் அவ பேஜார் ஆவல. நீ வருவன்னுதான் பாத்துகினே இருந்தா. காலேஜுக்குப் போய்ட்டு வந்தாளே, ஒன்ன பாத்தியாடின்னு கேட்டேன். கிளாஸ்ல கீதாம், முட்ச்சிட்டு வரும்னா. நல்ல எறாலு மாட்னா கொஞ்சம் எட்த்து வெச்சிடுவா."

நான் அந்த வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் டீ கொடுத்தாள். குடித்தேன்.

இன்று காலை அந்த அலுவலகத்துக்கும் என் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், கையெழுத்துப் பொய் உட்பட. என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஆகட்டும். புதிதாக ஒரு படிவம் எடுத்து ஏழாவது இடத்துக்கு நிரப்பினேன். குறிப்பு என்ற இடத்தில் உன் மூன்று வாக்கியங்களையும் நீ எழுதியபடியே எழுதினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர்.

மிச்சச் சேற்றை அதே டப்பாவில் மூடி, உன் புடவைத் துணியிலேயே முடிந்து, மேல்மாடிக்கு நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன். என் மேஜைமேல் இருக்கிறது. மாணவிகள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

வாடி. என் கிளாஸ் முடிய பதினோரு வருஷம் ஆகிவிட்டது.