நாடா மாற்றுகிற நேரம்

அண்ணா,

சேகர் அனுப்பிய சி.டி. நேற்றுக் காலை கூரியரில் வந்தது. உன் கடைசி மாதத்தில் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நீ தனியாகப் பாடிப் பதிவு செய்ததாம். ஒரே ஒரு பாட்டு. நம்முடைய 'ஏரி நிறைஞ்சா'. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டேன். முதல் வரி முடிந்ததும் உன் கை நின்றது. ஒரு மூச்சு நேரம். அப்புறம்தான் அடுத்த வரியை எடுத்தாய். அதன் முடிவிலும் நின்றாய். பாட்டு முழுக்க, நிற்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நின்றாய்.

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. அப்படியானால் உனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது!

சேகருக்குப் போன் செய்தேன். பின்னாளில் சென்னையில் உன்னோடு பேஸ் கிட்டார் வாசித்தவன், ஆனால் நம் வீட்டுக் கதை எதுவும் அறியாதவன். "உங்கண்ணன் கடைசியில ரொம்ப வீக்கா இருந்தான்மா. அதான் நின்னு நின்னு வாசிச்சிருக்கான். அந்த கேப்ப எல்லாம் வெட்டி ஒட்டிட்டு, டிரம்ஸ் போட்டு, வருஷ நினைவுக்கு வெளியிடலாம்னு இருக்கோம். அண்ணி சரின்னுட்டாங்க. நீயும் ஒரு வார்த்தை சொல்லிட்டா வேலைய ஆரம்பிச்சிருவோம்" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன்.

போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. பதினோரு மாதம் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இனி முடியாது. நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் நம் வாடகை வீட்டுக்கும் கன்னியப்பன் மாமா தறி போட்டிருந்த வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. நீ சென்னையில் காலேஜ் சேர்ந்த முதல் லீவுக்கு ஒரு பழைய கிட்டாரும் ஒரு பை நிறைய கேசட்டுகளுமாக வந்து இறங்கினாய். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கொண்ட வெளிநாட்டுக் குழுக்கள். "இவங்க யாரும் சினிமாவுக்குப் பாடலபா. அவங்களே எழுதி அவங்களே வாசிக்கிறாங்க. நம்மளும் செய்யலாம்" என்றாய். எனக்கு அப்போது பதினைந்து. சர்ச்சில் மூலையில் கிடந்த தோல் தளர்ந்த சின்ன டிரம்மைப் போதகரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். சாயப் பட்டறையில் தூக்கிப்போட்ட நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று, அம்மாவின் பித்தளைத் தாம்பாளம் ஒன்று. "நல்ல நாளைக்கு வெச்சிக்கிற தட்டுடி அது" என்று அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நமக்கு வேகம் நிற்கவே நிற்காது. நீ ஓடுவாய், நான் துரத்துவேன், பாட்டு முடிவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கும். ஒருநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. டக், டக், ஒரு மூச்சு, டக். சும்மா அதன்கூடவே அடித்துப் பார்த்தேன். நீ கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தாய். "இதையே புடிச்சிக்கினு போபா, உட்டுறாத" என்றாய்.

மாமா நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக்கட்டை ஒவ்வொரு நிறத்துக்கும் தனி. உடலின் நாடாவை வைத்துவிட்டுக் கரையின் நாடாவை எடுக்கிற நேரம் தறி சற்றே நிற்கும். அந்த நிற்றல்தான் நம் பாட்டு எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்தது. 'நாடா மாற்றுகிற நேரம்' என்று அதற்குப் பெயர் வைத்தவள் நான். மறந்துவிட்டு நீ ஓடினால் "நாடா!" என்று கத்துவேன், உடனே நிறுத்துவாய். மாமா ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, நீ தப்பா அடிச்சா என் காலும் தப்பா மிதிக்குது. அடிக்கிறதுன்னா ஒழுங்கா அடி, இல்லாட்டி சும்மா இரு." நீ தரையில் புரண்டு சிரித்தாய்.

நம் குழுவுக்குக் 'கோர்வை' என்று பெயர் வைத்தது நீ. அன்றைக்கு நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஒரே ஆளால கோர்வை போட முடியாதுபா. இந்தாண்ட ஒரு கை, அந்தாண்ட ஒரு கை வேணும்." நீயேதான் சொன்னாய்.

தென்னேரியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது ஏரி காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. "ஏரி நிறைஞ்சா சொல்லி அனுப்புறேன், வாங்க" என்று சித்தி வழியனுப்பினாள். வாலாஜாபாத் வருவதற்குள் பஸ்ஸிலேயே, உன் காலேஜ் நோட்டின் கடைசித் தாளில் பாட்டை எழுதி முடித்துவிட்டேன். வார்த்தை என்னுடையது, தாளம் என்னுடையது, மெட்டு உன்னுடையது. உன் காலேஜ் விழாவில் அதை வாசித்தபோது, டிரம்முக்குப் பின்னால் பாவாடை தாவணியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விசில் அடித்தவர்கள் இரண்டாவது வரியில் அடங்கிப்போனார்கள்.

நான்கு வருஷம் அண்ணா. கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போன கை. "பொம்பளப் புள்ளைக்கு டிரம்மு ஒரு கேடா" என்று தெருவே பேசியது. அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தலை குனிந்து உட்கார்ந்தாள். அத்தனைக்கும் பிறகுதான் பாட்டைப் பதிவு செய்யச் சென்னையில் அந்த ஸ்டூடியோவுக்குப் போனோம்.

பதிவு செய்கிறவர் என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். "சிஸ்டர், லைனுக்கு லைன் டெம்போ விழுது. இந்த கிளிக்கக் கேட்டு அடிங்க." டிக் டிக் என்று அது பாட்டுக்கு ஓடியது. அந்த மெஷினுக்கு மாற்ற நாடா ஏது? மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் நான் நின்ற இடத்தில் அது நிற்கவில்லை. அவர் உன் பக்கம் திரும்பி, "சாங் நல்லா இருக்குது. டிரம்ஸ்தான் தப்பு" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும். அது தப்பில்லைங்க, வேணும்னுதான் நிக்கிறோம். அவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியிருந்தது. நீ செருப்பைப் பார்த்தாய். பிறகு, "அவளுக்கு அவ்ளோவா பிராக்டீஸ் இல்லைங்க. வேற யாராச்சும் அடிக்கட்டும்" என்றாய்.

பிராக்டீஸ் இல்லையாம்! எனக்கு!

எங்கிருந்தோ ஒருவனை வரவழைத்தார்கள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, கூப்பிட்டதற்கு வந்தான், அடித்துவிட்டுப் போனான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை வரி முடிவில் அது தானாக நின்றது. நீ பதறிப்போய் அதை ஓட வைத்தாய். இரண்டாவது தடவை நிற்கவே இல்லை. நான்கு வருஷப் பழக்கத்தை ஒரு மணி நேரத்தில் கழற்றிப் போட்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி "அடுத்த தடவ நீதான்பா" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை.

அந்தப் பதிவின் சி.டி. வெளிவந்தது. பாட்டு எழுதியவர் என்ற இடத்தில் வெறுமனே 'கோர்வை' என்றிருந்தது. நன்றி என்ற இடத்தில் கர்த்தருக்கும் அம்மாவுக்கும் பின்னால் 'தங்கைக்கு' என்றிருந்தது. பெயர்கூட இல்லை. அப்புறம் ஒரு பத்திரிகைப் பேட்டியில், கோர்வை என்றால் என்ன என்று கேட்டவரிடம் மிருதங்கத்தில் வருவது என்று சொன்னாயே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? தறியைச் சொல்ல வெட்கமா? இல்லை, தறியைச் சொன்னால் அந்தாண்டக் கை யாருடையது என்று கேட்பார்கள் என்ற பயமா?

நான் குச்சிகளைப் பரணில் போட்டுவிட்டு டீச்சர் டிரெய்னிங் சேர்ந்தேன். நீ கிறிஸ்துமஸுக்கு வருவாய், கேக் வெட்டுவாய், ஊர்க் கதை பேசுவாய். இதை மட்டும் பேச மாட்டாய். ஒரு தடவை கொல்லையில், அம்மா தண்ணீர் பிடித்து வைக்கிற அந்த நீல டிரம்மில் விரலால் தட்டினாய். இரண்டு தட்டு, ஒரு நிற்றல், ஒரு தட்டு. "தண்ணி கலங்குது, கைய எடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஏதோ சொல்லத்தான் வந்திருப்பாய். நான் விடவில்லை. அதற்கும் உன்மேல்தான் கோபம். மூத்தவன் நீ. என் பின்னாலேயே வந்து, வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

வியாதியையும் இப்படித்தான் மறைத்தாய். "சும்மா அசதிபா" என்றாய். கண் மஞ்சளாகிப் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு உன்னிடம் எதையும் கேட்க முடியவில்லை.

இன்று காலை சேகருக்குப் போன் செய்தேன். "ஒரு எடத்துலயும் வெட்டக் கூடாது. அவன் வீக்கா இருந்ததால நிக்கல. பாட்டே அப்படித்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தறியை, நாடாவை, ஸ்டூடியோவை, உன் செருப்பை. "எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையேமா" என்றான். டிரம்ஸ் நான்தான் அடிப்பேன், கிளிக் வேண்டாம் என்றேன். சரி என்றான்.

பிறகு சர்ச்சுக்குப் போனேன். இப்போது அங்கே முழு செட் இருக்கிறது. ஸ்பீக்கரில் உன்னை ஓடவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் கை மறந்திருக்கும் என்று பயந்தேன். மறக்கவில்லை. கரும்பலகையில் எழுதும்போதுகூட வரிக்கு வரி என் கை நின்றுதான் போகிறது, டீச்சர் யோசிக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நீ நின்ற இடத்தில் நானும் நின்றேன். ஸ்பீக்கரில் நீ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அப்போதும் உன்மேல் இரக்கம் வரவில்லை, அண்ணா. இன்னும் ஓங்கி அடித்தேன்.

சாயங்காலம் சேகர் திரும்பக் கூப்பிட்டான். அட்டையில் பெயர்களை எப்படிப் போடுவது என்று கேட்டான். பாட்டும் தாளமும் என்று என் பெயர் முதலில், மெட்டும் குரலும் என்று உன் பெயர் அதற்குக் கீழே என்றேன். "அவன் பேரு கீழயாமா? அவனுக்கு வருத்தமா இருக்காதா?" என்று இழுத்தான். கீழேதான் என்றேன். வருத்தமாக இருந்தால் எழுந்து வா, வந்து என்னோடு சண்டை போடு.