முந்தைய தவணையின் பதில்

மார்ச் 4

என்னங்க,

நலம்தானே? சீட்டாட்டத்தில் இன்னும் எல்லாரையும் ஏமாற்றுகிறீர்களா? தோட்டத்தில் நடை உண்டா?

எனக்கு வேலை கழுத்தை நெரிக்கிறது. உங்களுடையதைப் போன்ற முதியோர் இல்லங்களிலிருந்து நர்ஸுகள் தவணைதோறும் எழுதிய மதிப்பீடுகள் வந்து குவிகின்றன. தானாகச் சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா, நினைவு எப்படி. பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு, ஆராய்ச்சிக்குத் தயார் செய்கிறோம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் முந்தைய தவணையின் பதிலையே போட்டு நிரப்புவது எங்கள் வழக்கம். இது முடிந்ததும் ஓடி வருகிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி

மார்ச் 19

மகாராணிக்கு,

நீ விசாரித்திருப்பது போன வருஷத்து ஆளை. ராஜாவுக்கும் ராணிக்கும் வித்தியாசம் தெரியாதவனை எவன் சீட்டாடச் சேர்ப்பான்? தோட்டத்துக்குப் போனால் திரும்பி வர வழி தெரியவில்லை. அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு வந்த கதியைப் பார்.

நேற்று நர்ஸ் என்னை மதிப்பீடு செய்தாள். குடும்பத்தாரை அடையாளம் தெரிகிறதா என்று ஒரு கேள்வி. "யாராச்சும் வந்தாத்தானே ஐயா பாக்க முடியும்?" என்று காலியாக விட்டுவிட்டாள். உன் ஆபீஸில் அதில் 'தெரியும்' என்று போட்டுவிடுவீர்கள். போடாதே. நீயே வந்து பார். சீக்கிரம் வா. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உன் டிரைவர்

ஜூன் 10

என்னங்க,

உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று தள்ளிப்போய்விட்டது. காலிக் கட்டங்களைக் காலியாகவே விட வேண்டும் என்று ஆபீஸில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டேன். உங்களையும் நான் அப்படித்தான் பழைய பதிலை வைத்தே நிரப்பிக்கொண்டிருந்தேன். ராத்திரி பக்கத்துத் தலையணையைத் தொட்டுப் பார்க்கிறேன். லீவு கிடைத்துவிட்டது. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன்.

உங்கள்
வீட்டுக்காரி

ஜூன் 16

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நர்ஸ் படித்துக் காட்டினாள். அன்பாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்குக் கல்யாணமாகிவிட்டது. 'என்னங்க' என்றெல்லாம் எழுதினால் வீட்டில் தப்பாக நினைப்பாள்.

சனிக்கிழமை தாராளமாக வாருங்கள். என் மனைவியும் இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடுவாள். வேலை அதிகம், பாவம். ஜன்னலோர நாற்காலியை அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். அதில் மட்டும் நீங்கள் உட்கார வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்