அத்தை உருவிவிட்ட கால்

திருச்செங்கோடு
3.2.1986

அன்புள்ள மாமாவுக்கு,

வசந்தாமணி வணங்கி எழுதுவது. ரெய்ச்சூரில் போர் போடும் ரிக் வண்டி ஓடுகிறதா, இன்னும் பட்டறையில்தான் நிற்கிறதா? பாப்பா பள்ளிக்கூடம் போய்விட்டாள். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

இதை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சேலம் போகிறேன். அத்தையிடம் சொல்லவில்லை.

பழனிக்கு நடந்து போய் வந்ததிலிருந்து இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது. "நடந்த காலு சாமி, நரம்பு பொரண்டுருச்சு. சடையன் வந்து ஒரு உருவு உருவுனா எறங்கீரும்" என்கிறார் அத்தை. நடந்தது இரண்டு காலும்தான் மாமா. வீங்கியது ஒன்று.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த ராசிபுரத்துக் கண்ணாத்தாளை நினைவிருக்கும். எனக்கு மார்பை எடுத்த மறுநாள்தான் அவளுக்கும் எடுத்தார்கள். ஜாக்கெட்டுக்குள் பழைய துண்டைச் சுருட்டி வைக்க எனக்குச் சொல்லித்தந்த வாயாடி. அவளுக்கும் எனக்கும் ஒரே மாத்திரை. ஐப்பசியில் அவள் இறந்துபோனதை மட்டும்தான் உங்களுக்கு எழுதினேன். எப்படி என்று எழுதவில்லை. அவளுக்கும் இப்படித்தான் ஒரு கால் வீங்கியது. கடலைக்காய் பிடுங்கின கால் என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மூச்சு முட்டுகிறது என்று தண்ணீர் கேட்டாள். சொம்பு வருவதற்குள் போய்விட்டாள்.

அப்போதே சேலம் அஸ்தம்பட்டி டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிலருக்கு இந்த மாத்திரையால் காலில் ரத்தம் உறைந்துபோகுமாம். உருவினால் அது பெயர்ந்து நெஞ்சுக்கு ஏறிவிடுமாம். நீயாக மாத்திரையை நிறுத்தாதே, கட்டி திரும்ப வரும், ஆனால் கால் வீங்கினால் யாரையும் தொடவிடாமல் ஓடி வா என்றார். இதை வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் அத்தை மாத்திரையைக் கிணற்றில் போட்டுவிடுவார்.

நேற்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் கண்ணாத்தாள் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விழித்துப் பார்த்தால் கால் அத்தையின் மடியில் இருந்தது. விளக்கெண்ணெயைக் காய்ச்சி, நான் தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் உருவிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அப்போதிருந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எதிர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் யாரைப் பார்த்தாலும் கண்ணாத்தாளாகத் தெரிகிறது. பயமாக இருக்கிறது மாமா.

இன்று காலை அத்தை சடையனைக் கூட்டிவரப் போன நேரத்தில் கிளம்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் தந்தி எதுவும் வராவிட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தந்தி வந்தால், டாக்டரம்மா சொன்னதை அத்தையிடம் ஒருநாளும் சொல்ல வேண்டாம். நோய் முற்றிவிட்டது என்றே அவர் நினைக்கட்டும். என் உயிருக்காக அந்த வயதில் பழனி வரைக்கும் என்னோடு நடந்தவர் அவர். தன் கையைத் தானே பார்க்க முடியாமல் ஆகிவிடக் கூடாது.

சேலம் பஸ் வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள்
வசந்தாமணி